ஆறாம் வாசலின் மாவிளக்கு

கிருஷ்ணகிரியில் நான் தங்கிப் படித்த ஹாஸ்டலுக்கு எட்டு வாசல். ஹாஸ்டலுக்கு எதற்கு எட்டு வாசல் என்று கேட்பீர்கள். அது ஹாஸ்டலாகப் பிறந்த கட்டடம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் அந்த ஊருக்கு ஒரு சின்ன ரயில் வந்துகொண்டிருந்ததாம். ரயிலில் வேலை பார்த்தவர்கள் குடும்பத்தோடு இருக்கக் கட்டிய மாடிக் குடியிருப்பு அது. கீழே நாலு வீடு, மேலே நாலு வீடு. யுத்தத்தின்போது தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ரயில் போனது, கட்டடம் நின்றது. அப்புறம் குமாஸ்தா, வாத்தியார், வியாபாரி என்று யார் யாரோ குடியிருந்தார்கள். ஊரில் கல்லூரி வந்தது. வெளியூர்ப் பையன்கள் தங்க இடமில்லாமல் திண்டாடினார்கள். கல்லூரிக்காரர்கள் அந்தக் கட்டடத்தை மொத்தமாக வாடகைக்குப் பிடித்தார்கள். நான் போய்ச் சேர்ந்தது அறுபதுகளின் கடைசியில், ஹாஸ்டல் தொடங்கின அதே வருஷம்.

ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வாசல், தனிக் கூடம், தனி அடுப்படி. வாசல் நிலைக்குப் பக்கத்தில் கருங்கல்லில் நம்பர் வெட்டியிருக்கும். மஞ்சள் பூசிப் பூசி நிலைப்படி மரமே மஞ்சளாகிவிட்டிருந்தது. கல்லூரிக்காரர்கள் சுவருக்குத்தான் வெள்ளையடித்தார்கள், படியைத் தொடவில்லை. கீழே முதல் வீட்டு அடுப்படியை மெஸ்ஸுக்கு வைத்துக்கொண்டு மற்ற ஏழு அடுப்பையும் அணைத்துவிட்டு, கூடத்தில் இரும்புக் கட்டில்களைப் போட்டார்கள். மாடியில் ஆறாம் வீடு எங்களுடையது. கூடத்துக் கட்டில்களை இரண்டு பேர் முந்திக்கொண்டார்கள். எனக்கு அடுப்படிதான் மிஞ்சியது. அடுப்புக் குழியில் என் புத்தகங்களை அடுக்கினேன். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் சாம்பல் வாசனை வரும். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. அப்புறம் அந்த வாசனை இல்லாமல் எனக்குப் படிப்பே ஏறவில்லை.

கூடத்தைப் பிடித்த இருவரில் ஒருவன் கெலமங்கலம், வீட்டில் கன்னடம் பேசுகிறவன். இன்னொருவன் வேப்பனப்பள்ளி, தெலுங்கு. நான் அஞ்செட்டிப் பக்கம், தமிழ். அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கெலமங்கலத்தான், வேப்பனப்பள்ளியான், அஞ்செட்டியான், அவ்வளவுதான். சண்டை வந்தால் அவனவன் பாஷையில் திட்டுவான். மற்ற இருவருக்கும் நன்றாகவே புரியும். அதனால் சண்டை நீண்ட நேரம் நடக்கும்.

எங்கள் ஊருக்கு பஸ் வருவது மழையையும் டிரைவர் மனசையும் பொறுத்தது. தினம் போய் வந்து படிக்க அது என்ன பக்கத்துத் தெருவா? கிருஷ்ணகிரியில் கல்யாணமாகாத பையன்களுக்கு யாரும் வீடு தரமாட்டார்கள். ஆக, எனக்கு அந்த அடுப்படி இருந்தால் படிப்பு உண்டு, இல்லையென்றால் இல்லை. எங்கப்பாவுக்கு நான் படிப்பதில் பகை ஒன்றும் இல்லை. நம்பிக்கையும் இல்லை. சேர்த்துவிட்டுப் போகும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "இருக்க எடம் இருக்கிற வரைக்கும் படி. எடம் இல்லன்னா வந்துடு. மாடுங்க இருக்குது." மாடுகளுக்கு என் மேல் இருந்த உரிமையை அவர் ஒருநாளும் மறந்ததில்லை.

எங்கள் வாசலுக்கு நேர் எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஓட்டு வீடு. மாசி பங்குனியில் அதன் முன்னால் புளி குவிந்து கிடக்கும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தட்டித் தட்டிக் கொட்டையை எடுப்பார்கள். அந்த வீட்டம்மா, கணவர் போன பிறகு புளி வியாபாரத்தைத் தானே நடத்திக்கொண்டிருந்தவர். வயசு நாற்பதைத் தாண்டியிருக்கும். வீட்டில் பேசுவது தெலுங்கு, சந்தையில் பேரம் பேசுவது கன்னடம், சாமி கும்பிடுவது தமிழ். திட்டுவதற்கு மட்டும் மூன்றையும் வைத்திருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. அவர் வாசலில் கற்பூரம் காட்டிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டு நிமிர்ந்திருக்கிறார். நேர் எதிரே மாடிக் கம்பியில் எங்கள் டிராயர்கள் வரிசையாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அவர் கும்பிட்ட கையை இறக்கவில்லை. அப்படியே மேலே நின்ற எங்களைப் பார்த்து, "நல்லா இருங்கடா சாமி" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் கெலமங்கலத்தான் உள்ளே ஓடிவிட்டான்.

அன்றைக்கே அவர் கட்டடத்தின் சொந்தக்காரரிடம் போனார். "குடித்தனம் இருந்த எடம் அது. கோலம் போட்ட வாசல்ல இப்ப டிராயர் தொங்குது. இது குடும்பம் இருக்கிற தெருவுங்க" என்றாராம். வீட்டுக்காரர் யார் கடைசியாகப் பேசினார்களோ அவர் பக்கம் சாய்கிற மனிதர். எங்கள் வார்டனைக் கூப்பிட்டு, "பங்குனித் திருவிழா முடியட்டும் சார். மறுநாளே வந்து தெருவுல ஒரு வார்த்தை கேக்கறேன். வேணாம்னாங்கன்னா சித்திரையில காலி பண்ணிக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டார். சித்திரையில்தான் எங்களுக்குப் பரீட்சை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதிலும் கெலமங்கலத்தான் வாய். பஸ் ஸ்டாண்டில் யாரிடமோ அவன் சொல்ல, அது அஞ்செட்டி போய்ச் சேர்ந்து, பஸ் கண்டக்டர் மூலமாக எனக்குப் பதிலே வந்துவிட்டது. "திருவிழாவுக்கு மறுநாள் உங்கப்பா வராராம்பா. பெட்டியைக் கட்டி வெக்கச் சொன்னாரு. செனை எருமை ஒண்ணு வாங்கியிருக்காராம்." எனக்குச் சுர்ரென்று ஏறியது. அப்பா மேல் கோபப்பட முடியாது, எதிர்வீட்டம்மா மேல் கோபப்படப் பயம். கண்ணால் பார்க்காத அந்த எருமை மேல் இரண்டு நாள் கோபமாக இருந்தேன்.

திருவிழாவுக்கு முந்தின வாரம் மாரியம்மன் கோயில் பூசாரி தெருவில் வந்தார். வீடு வீடாக நின்று, நிலையில் வேப்பிலை செருகி, ஒரு வெற்றிலையில் பாக்கும் மஞ்சளும் வைத்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். எங்கள் கட்டடத்தையும் அவர் விடவில்லை. கீழே நாலு வாசல், அப்புறம் மூச்சு வாங்க மாடியேறி நாலு வாசல். யார் இருக்கிறார்கள் என்றே பார்க்காமல், நீட்டின கையில் வைத்துவிட்டுப் போனார். எங்கள் மெஸ் சாப்பாட்டுக்கு வெற்றிலை பாக்கு என்பதெல்லாம் கனவு. ஆறாம் வாசலில் கை நீட்டினவன் வேப்பனப்பள்ளியான். மஞ்சளைத் தள்ளி வைத்துவிட்டு மற்றதை வாயில் போட்டுக்கொண்டான். மற்ற ஏழு வாசலிலும் அதே கதைதான்.

எங்கள் ஊரில் திருவிழாவுக்குத் தப்பட்டை அடித்துச் சொல்வார்கள், பாக்கு வைக்கிற வழக்கம் கிடையாது. அதனால் அந்தப் பாக்குக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியவில்லை. எதிர்வீட்டம்மா மாடியேறி வந்தபோதுதான் தெரிந்தது. அவர் எங்கள் படியில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. பின்னாலேயே பூசாரியும் இழுபட்டு வந்தார்.

விஷயம் இதுதான். பாக்கு வாங்கின வீடு திருவிழாவுக்கு மாவிளக்கு எடுக்க வேண்டும். அதிலும் ஆறாம் வாசலுக்கு முதல் தட்டு. ஒரு காலத்தில் தெருவில் அம்மை வந்து எல்லோரும் படுத்துக் கிடந்தபோது, ஆறாம் வீட்டில் இருந்த ரயில்காரர் மனைவிதான் துணிந்து தனியாக மாவிளக்கு எடுத்துக்கொண்டு போனாராம். அன்றிலிருந்து அந்த வீட்டில் யார் குடியிருந்தாலும் அவர்கள் தட்டு முன்னால் போகும், எதிர்வீட்டுத் தட்டு இரண்டாவதாகப் போகும். கடைசியாக அங்கே இருந்த குடும்பம் பெங்களூரில் கடிகாரக் கம்பெனி வேலை கிடைத்துப் போய்விட்டது. இனி முதல் தட்டு தனக்குத்தான் என்று அந்தம்மா புதுச் சேலைகூட எடுத்து வைத்திருந்தார்.

"தெரியாம குடுத்துட்டாரு. பாக்கைத் திருப்பிக் குடுங்கடா" என்றார்.

நாங்கள் வேப்பனப்பள்ளியானைப் பார்த்தோம். அவன் வாயைத் திறந்து காட்டினான். உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தது.

பூசாரி எட்டிப் பார்த்துவிட்டு, "மென்னுட்டான்மா" என்றார். "இனி எடுத்துத்தான் ஆவணும்."

"பொம்பளை இல்லாத வூட்டுல எவன் எடுப்பான்?"

"ஆம்பளை எடுக்கட்டும். மஞ்சள் வேட்டி கட்டிக்கிட்டு எடுக்கட்டும்." பூசாரிக்கும் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. "வாசல் இருந்தா வூடு. வூடு இருந்தா பாக்கு. உள்ளாற யாருன்னு ஆத்தாவே கேக்கல, நீ ஏன் கேக்கற?"

அந்தம்மா படி இறங்கும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார். "பாக்கு வாங்கிட்டு எடுக்காம போனாலும் சரி, எடுத்துக் கெடுத்தாலும் சரி. அடுத்த நாளே தெரு பேசும். நான் பேச வேண்டியதே இல்லை."  அவர் சொன்னது உண்மை. சாமி காரியத்தில் தப்பு நடந்தால் வீட்டுக்காரர் தெருவைக் கேட்க வேண்டியதே இல்லை. எருமை என்னைப் பார்த்து அசைபோடுவது மாதிரியே இருந்தது.

மெஸ் சமையல்காரர் அவர் ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டார். வார்டன் கணக்கு வாத்தியார். "எனக்கு மாவெல்லாம் தெரியாதப்பா, கட்டடத்தைக் காப்பாத்துங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். தெருப் பெண்கள் யாரும் எங்களோடு பேச மாட்டார்கள். பேசுகிறவர் ஒருவர்தான், அவர் பேசுவது காதால் கேட்கும்படி இருக்காது. ஆகவே நாங்களே இறங்கினோம். திருவிழா அன்று காலை அடுப்புக் குழியிலிருந்து என் புத்தகங்களை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, முதல் தட்டு ஆறாம் வாசலுடையது என்பதால் மெஸ் அடுப்பை விட்டு, ஆறாம் வீட்டு அடுப்பையே மூட்டினோம். அடைந்து கிடந்த புகைபோக்கி முதலில் எங்களைத்தான் கறுப்பாக்கியது.

அரிசிக்குக் கவலையில்லை, அவனவன் ஊரிலிருந்து மூட்டையில் கொண்டுவந்தது இருந்தது. பிரச்சினை எப்படிச் செய்வது என்பதில்.

"தம்பிட்டுதான் பண்ணணும்" என்றான் கெலமங்கலத்தான். "அரிசியை வறுத்து அரைச்சு, பொட்டுக்கடலை மாவு சேத்து, வெல்லப் பாகுல கிளறணும். பச்சை மாவைக் குடுத்தா ஆத்தாவுக்கு வயித்து வலி வராதா?"

"வறுத்தா அது மாவிளக்கா, சத்து மாவா?" என்றான் வேப்பனப்பள்ளியான். "எங்கம்மா பண்றது சலிமிடி. அரிசியை ஊறவெச்சு ஈர மாவா இடிக்கணும். தேங்காயைப் பல்லு பல்லா நறுக்கிப் போடணும்."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "ரெண்டு பேரும் வாயை மூடுங்கடா. பச்சரிசி மாவு, பொடிச்ச வெல்லம், உரல்ல போட்டு ரெண்டு இடி. இதுக்கு அடுப்பே வேணாம்" என்றேன்.

அடுப்பு மூட்டி முகமெல்லாம் கரியான பிறகு அடுப்பே வேண்டாம் என்றால் சும்மா இருப்பார்களா? பிடித்துக்கொண்டார்கள். மூன்று பாஷையிலும் நடந்தது. மற்ற ஏழு வீட்டுப் பையன்களும் வந்து வாசலில் நின்று ஆளுக்கு ஒரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். என் ஊர்க்காரன் ஒருவன்கூட அங்கே இல்லை, எனக்கு நானேதான். கடைசியில் யாரோ ஒரு மகராசன், "மூணையும் ஒண்ணா கலந்துடுங்கடா, எந்த ஊர் ஆத்தாவும் கோவிச்சுக்க மாட்டா" என்று தீர்ப்புச் சொன்னான். சரி என்றோம். பல மரம் பார்த்த தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்கள். நாங்கள் மூன்று மரத்தையும் வெட்டினோம்.

சண்டைக்கு நடுவில் கெலமங்கலத்தான் அடுப்பில் ஏற்றியிருந்த வெல்லப் பாகை எல்லோரும் மறந்துபோனோம். பாகு கம்பிப் பதத்தில் இறக்க வேண்டும் என்று பெண்கள் சொல்வார்கள். எங்கள் பாகு கம்பியைத் தாண்டிக் கடப்பாரைக்குப் போய்விட்டிருந்தது. அது எங்களுக்கு எப்படித் தெரியும்? கறுத்துப் பளபளவென்று இருந்தது, வாசனை தூக்கியது. வறுத்த மாவு, ஈர மாவு, கடலை மாவு, தேங்காய்ப் பல் எல்லாவற்றையும் அதில் கொட்டிக் கிளறி, மெஸ் டம்ளர்களில் அமுக்கி, மேலே கட்டை விரலால் குழி போட்டுக் கவிழ்த்தோம். எட்டு விளக்கும் ஒரே அச்சாக வந்து நின்றன. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. தூக்கிக்கொண்டு போகும்போது ஒன்று கை தவறி மாடிப்படியில் விழுந்து, படிப்படியாகக் குதித்துக் கீழே போய் நின்றது. ஓடிப்போய் எடுத்துப் பார்த்தால் ஒரு கீறல் இல்லை. "சகுனம் நல்லா இருக்குது" என்றான் கெலமங்கலத்தான். முட்டாள்கள், எங்களில் ஒருவனுக்காவது அப்போது சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பொழுது சாயும் நேரத்தில் தெரு முனையில் வரிசை நின்றது. மஞ்சளைக் கரைத்து நாங்களே தோய்த்த வேட்டி, தலையில் சும்மாடு, அதன் மேல் தட்டு, தட்டில் விளக்கு. முதல் ஆள் நான், அடுப்படிக்காரன்தான் எடுக்கணும் என்று மற்ற இருவரும் தள்ளிவிட்டார்கள். வேட்டி காயவே இல்லை, மஞ்சள் தண்ணீர் கணுக்காலில் வழிந்தது. எனக்குப் பின்னால் புதுச் சேலையில் எதிர்வீட்டம்மா. அதற்குப் பின்னால் எங்கள் ஏழு பையன்கள், பிறகு தெருப் பெண்கள். மேளம் கொட்ட ஆரம்பித்ததும் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வழி நெடுக எதிர்வீட்டம்மா என் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "நேரா நட. தலையை ஆட்டாதே. நெய் சிந்துது பாரு. மாடு மேய்க்கப் போற மாதிரி நடக்கறான்." அந்தக் கடைசி வார்த்தை எனக்கு எங்கே போய்க் குத்தியது என்று அவருக்குத் தெரியாது.

கோயிலில் தட்டுகளை வரிசையாக வைத்தோம். தீபாராதனை ஆனது. அப்புறம் வழக்கப்படி முதல் தட்டு விளக்கைக் கிள்ளி ஆத்தாவுக்குப் படைக்க வேண்டும். பூசாரி இரண்டு விரலால் கிள்ளினார். வரவில்லை. நகத்தைக் கொடுத்தார். நகத்தைத்தான் பார்த்துக்கொண்டார். கையில் எடுத்து எடை பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார். தட்டு ஓரத்தில் தட்டிப் பார்த்தார், டங் என்று சத்தம் வந்தது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் முன்வரிசையில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கேயே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

பூசாரி எழுந்து போய், தேங்காய் உடைக்கிற கல்லில் விளக்கை ஓங்கி ஒரு போடு போட்டார். ஒரு துண்டு தெறித்து, நேராகப் போய் மேளக்காரரின் மேளத்தில் 'டம்' என்று விழுந்தது. அவர் நிறுத்தியிருந்த மேளம் தானாகச் சத்தம் போட்டது.

முதலில் சிரித்தது எதிர்வீட்டம்மா. சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துப் பார்த்தார், முடியவில்லை. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிறகு கோயிலே சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் புளி தட்டற கல்லு தேஞ்சு போச்சு பூசாரி. இதை எனக்குக் குடுத்துடு" என்றார். அந்த அம்மாவுக்குச் சிரிக்கத் தெரியும் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. மானம் போனாலும், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சும்மா கேக்க வேணாம், உன்கிட்டதானே வரப்போவுது" என்றார் பூசாரி. அப்போதுதான் அந்த இன்னொரு வழக்கம் எனக்குத் தெரிந்தது. படைத்த பிறகு முதல் தட்டும் இரண்டாம் தட்டும் மாவு மாற்றிக்கொள்ள வேண்டும். மாவு மாற்றின வீடுகள் சண்டை போட்டுக்கொள்ளலாம், கட்டிப் புரளலாம், ஆனால் ஒன்றை ஒன்று தெருவை விட்டு அனுப்பப் பேச முடியாது. அது சாமி முன்னால் செய்கிற காரியம்.

சிரிப்பு நின்றது. எதிர்வீட்டம்மாவுக்கும் அது உறைத்துவிட்டது. வீட்டுக்காரர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். எதிர்வீட்டம்மா தன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் விளக்கு வெள்ளை வெளேரென்று, தொட்டால் உதிர்கிற பதத்தில், ஒரு செம்பருத்திப் பூவோடு அழகாக இருந்தது. என் தட்டில் உடைந்த கல். மாற்றிக்கொள்ளுங்கள் என்று நான் எப்படிச் சொல்வது? கேட்டு வாங்குகிற காரியமா அது? என் கணுக்காலில் வழிந்து காய்ந்த மஞ்சளை அவர் பார்த்தார். புகையில் கறுத்துப்போன என் காது மடலைப் பார்த்தார். காலையில் யாரும் கண்ணாடி பார்க்கவில்லை.

"இந்த மாவு பண்ண அடுப்பு மூட்டினீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. ஆறாம் வூட்டு அடுப்பேதான்."

"எரிஞ்சுதா?"

"முதல்ல புகைஞ்சுது. அப்புறம் நல்லா எரிஞ்சுதுங்க."

அவர் தட்டிலிருந்த செம்பருத்திப் பூவை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு தன் விளக்கில் பாதியைப் பிட்டு என் தட்டில் வைத்தார். என் கல்லில் பெரிய துண்டாக எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். "இன்னொரு வாட்டி இந்த மாதிரி மாவை என் தெருவுல எவன் பண்ணாலும் காலை ஒடிப்பேன்" என்றார். "அந்த டிராயருங்களையும் பின்பக்கம் காயப் போடுங்கடா."

அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது என்று எங்களுக்கு விளங்கவில்லை. கெலமங்கலத்தான் தப்பித்தோம் என்றான். வேப்பனப்பள்ளியான், வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்றான். நான் எதற்கும் என் பெட்டியைக் கட்டி வைத்தேன். புத்தகங்களையும் அதிலேயே வைத்துப் பூட்டினேன். அடுப்புக் குழியில் காலையில் எரிந்த சாம்பல் மட்டும் இருந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அப்பா வந்துவிட்டார். தோளில் ஒரு காலிச் சாக்கு, என் சாமான்களைக் கட்ட. மாடி வராந்தாவில் என்னைப் பார்த்ததும், "இளைச்சுட்ட" என்றார். எருமை பற்றிப் பேச்செடுப்பதற்குள் கீழே வீட்டுக்காரர் குரல் கேட்டது. இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தோம். வீட்டுக்காரர் நடுத்தெருவில் நின்று, புளிக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எதிர்வீட்டம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நீ சொன்னியேன்னுதான் வந்தேன். காலி பண்ணச் சொல்லிடலாமா?"

அவர் தட்டுவதை நிறுத்தவில்லை. "யாரை?"

"இந்தப் பசங்களைத்தான்."

"ஏங்க, எட்டு வாசல்லயும் குடித்தனம் இருக்குது. நேத்துதான் எட்டு தட்டு வந்துது, நீங்களும் பாத்தீங்க. குடித்தனம் இருக்கிற வூட்டை யாராவது காலி பண்ணச் சொல்லுவாங்களா?"

வீட்டுக்காரர், "அதுவும் சரிதான்" என்றார். யார் கடைசியாகப் பேசினார்களோ அவர் பக்கம் சாய்கிறவர் என்று சொன்னேனே. திரும்பி நடந்துவிட்டார்.

 பக்கத்தில் அப்பா நிற்கிறார் என்பதால் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டேன். எதிர்வீட்டம்மா நிமிர்ந்து பார்த்தார். அப்பாவைப் பார்த்துவிட்டு, "யாரு, ஆறாம் வூட்டுக்கு விருந்தா?" என்று சத்தமாகக் கேட்டார்.

"எங்க நைனாங்க. அஞ்செட்டியிலேருந்து."

"வூட்டுக்கு ஆள் வந்தா சொல்ல மாட்டியா? நிக்க வெச்சுப் பேசறான் பாரு."

கொஞ்ச நேரத்தில் ஒரு சொம்பு பாயசம் மாடியேறி வந்தது. எங்கள் மாவைத்தான் உரலில் போட்டு இடித்து, பாலில் ஊறவைத்து, காய்ச்சியிருந்தார். சாமிக்குப் படைத்ததை எறிய முடியாதே. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு ருசியான பாயசத்தை நான் அதற்குப் பிறகு சாப்பிட்டதில்லை. நடுநடுவே மட்டும் கடுக்கென்று ஒரு கல் பல்லில் சிக்கும்.

அப்பா நிலைப்படியில் உட்கார்ந்து, அந்த மஞ்சள் மரத்தைத் தடவிக்கொண்டே பாயசத்தை முழுக்கக் குடித்தார். வேப்பனப்பள்ளியான் அவருக்கு விசிறினான். கெலமங்கலத்தான் கேட்காமலேயே திருவிழாக் கதை முழுவதையும் சொன்னான், கொஞ்சம் தன் சரக்கையும் சேர்த்து. மேளம் தானாக அடித்த இடத்தில் அப்பா சிரித்துவிட்டார். அவர் பல் தெரியச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. கட்டி வைத்த பெட்டியை ஒருமுறை பார்த்தார், காலியாகக் கிடந்த அடுப்பைப் பார்த்தார். எருமைப் பேச்சை எடுக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை.

மத்தியான பஸ்ஸுக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. வெற்றுச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், எங்களூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் கேட்பாரே, அதே குரலில் கேட்டார்.

"ஏம்பா, பஸ்ஸை இன்னிக்கி விட்டுட்டா, உன் வூட்டுல ஒரு நாள் தங்கிக்கலாமா?"

நான் பெட்டியைத் திறந்து, புத்தகங்களை எடுத்து மறுபடியும் அடுப்பில் அடுக்கினேன். அவர் கொண்டுவந்த சாக்கை உதறி, அடுப்படியில் அவருக்கு விரித்தேன்.